விட்டுவிட்டுத் தோன்றும் உணரிச் சுற்றுப் பழுது

விட்டுவிட்டுத் தோன்றும் உணரிச் சுற்றுப் பழுது என்பது, தானுந்து முதலிய வாகனங்களில் உள்ள உணரி ஒன்றின் மின்சுற்று சில வேளைகளில் மட்டும் தவறான குறிகையை (சமிக்ஞையை) அளித்து, பின்னர் தானாகவே சரியான நிலைக்குத் திரும்பும் பழுது ஆகும். ஓடும் வாகனத்தின் இயந்திரம் திடீரென நின்றுவிடுதல், சில நிமிடங்கள் கழித்து எக்குறையும் இன்றி மீண்டும் இயங்குதல், எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைதல், இயந்திரம் குலுங்குதல், எரிபொருள் செலவு கூடுதல் என்பன இதன் பொதுவான அறிகுறிகளாகும். வாகனம் பணிமனைக்கு வரும்போது பழுது பெரும்பாலும் மறைந்திருக்கும்.

உணரி எனப் பொதுவாகக் கூறப்பட்டாலும், இப்பழுது உணரிக்குள் மட்டும் ஏற்படுவதன்று. உணரி, அதன் இணைப்பான், கம்பிகள், எர்த் இணைப்பு, கட்டுப்பாட்டகத்தின் உள்ளிணைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே உணரிச் சுற்று. இவற்றுள் எவ்விடத்தில் பழுது உள்ளது என்பதை உறுதி செய்யாமல் உணரியை மட்டும் மாற்றுவதால், பழுது சில நாட்களில் திரும்பி வருவதுண்டு. நெடுஞ்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் திசைமாற்றிக்கும் தடைக்கும் கிடைக்கும் துணைவிசை குறைந்துவிடும். ஆகையால் இது செலவு தொடர்பான சிக்கல் மட்டுமன்றிப் பாதுகாப்புத் தொடர்பான சிக்கலும் ஆகும்.

## உணரிச் சுற்றின் அமைப்பு

தற்கால வாகனங்களில் எரிபொருள் தெளிப்பு, தீப்பொறி நேரம், தடை, காற்றுப்பை போன்றவற்றை மின்னணுக் கட்டுப்பாட்டகங்கள் இயக்குகின்றன. பணிமனைகளில் இவை இசிஎம் அல்லது இசியு என அழைக்கப்படுகின்றன. இவற்றுக்கு வேண்டிய தகவல்களை உணரிகள் (சென்சார்கள்) வழங்குகின்றன. உணரிச் சுற்றுகளைப் பொதுவாக மூன்றாக வகைப்படுத்தலாம்.

* மின்தடை மாறும் இருகம்பி உணரிகள்: குளிர்நீர் வெப்பநிலை உணரி, உள்ளிழு காற்று வெப்பநிலை உணரி ஆகியன இவ்வகையின. கட்டுப்பாட்டகம் தன்னுள் இருக்கும் நிலையான மின்தடையம் ஒன்றின் வழியாக 5 வோல்ட்டு அழுத்தத்தை அளிக்கிறது. வெப்பம் கூடும்போது உணரியின் மின்தடை குறைவதால் குறிகைக் கம்பியின் மின்னழுத்தமும் குறைகிறது.
* முக்கம்பி உணரிகள்: திராட்டில் நிலை உணரி, உள்ளிழு குழாய் அழுத்த உணரி போன்றவை. இவற்றுக்கு 5 வோல்ட்டு ஒப்பீட்டு அழுத்தம், எர்த், குறிகை என மூன்று கம்பிகள் உள்ளன. குறிகை பெரும்பாலும் 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையில் அமையுமாறு வடிவமைக்கப்படுகிறது. இவ்வரம்புக்கு வெளியே உள்ள மதிப்பைக் கட்டுப்பாட்டகம் சுற்றுப் பழுதாகக் கொள்கிறது.
* துடிப்பு தரும் உணரிகள்: கிராங்க் தண்டு நிலை உணரி, கேம் தண்டு நிலை உணரி, சக்கர வேக உணரி ஆகியன. இவற்றில் சில, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு தாமே மாறுதிசை மின்னழுத்தத்தை உண்டாக்குபவை. வேறு சில ஹால் விளைவின் அடிப்படையில் இயங்குபவை. இவற்றுக்கு வெளியிலிருந்து மின்வழங்கல் தேவை.

ஒரே 5 வோல்ட்டு வழங்கலைப் பல உணரிகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அவ்வாறான வாகனங்களில் ஓர் உணரியின் கம்பி உடற்கூட்டில் உரசிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டால், தொடர்பில்லாத பிற உணரிகளின் குறியீடுகளும் ஒரே நேரத்தில் பதிவாகும். பல உணரிகள் ஒன்றாகப் பழுதடைந்ததாகத் தோன்றுமிடத்து, அவற்றுக்குப் பொதுவான வழங்கலையும் எர்த்தையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

## பழுதின் தன்மை

கம்பி முற்றிலும் அறுந்துபோனால் அது நிலையான பழுது. அதனை எந்நேரத்திலும் அளந்து கண்டறியலாம். விட்டுவிட்டுத் தோன்றும் பழுதில், வெப்பம், அதிர்வு, ஈரம், கம்பியின் வளைவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குறிப்பிட்ட நிலையை அடையும்போது மட்டும் இணைப்பு பிரிகிறது அல்லது அதன் மின்தடை உயர்கிறது.

இணைப்பு முழுமையாகப் பிரியாமல் மின்தடை மட்டும் உயரும்போது, எக்குறியீடும் பதிவாகாமலேயே வாகனம் தவறாக இயங்கக்கூடும். பின்வரும் கணக்கு இதனை விளக்கும். 20 பாகை செல்சியசில் 2,500 ஓமும், 80 பாகையில் 300 ஓமும் மின்தடை கொண்ட குளிர்நீர் வெப்பநிலை உணரி ஒன்று, கட்டுப்பாட்டகத்தில் உள்ள 2,500 ஓம் மின்தடையத்துடன் இணைந்துள்ளதாகக் கொள்வோம்.

* இயந்திரம் 80 பாகையில் இருக்கும்போது குறிகை ஏறத்தாழ 0.54 வோல்ட்டு.
* அரிப்புற்ற இணைப்பில் 1,000 ஓம் கூடுதல் மின்தடை ஏற்பட்டால் குறிகை 1.71 வோல்ட்டாக உயரும். கட்டுப்பாட்டகம் இதனை ஏறத்தாழ 36 பாகையாகக் கொள்ளும்.
* இயந்திரம் 20 பாகையில் குளிர்ந்திருக்கும்போது அதே 1,000 ஓம் சேர்ந்தால், குறிகை 2.5 வோல்ட்டிலிருந்து 2.92 வோல்ட்டாக மட்டுமே மாறும். கணிக்கப்படும் வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை.

ஒரே இணைப்புக் குறை, சூடான நிலையில் 44 பாகைப் பிழையையும், குளிர்ந்த நிலையில் 8 பாகைப் பிழையையும் தருகிறது. இரு நிலைகளிலும் குறிகை ஏற்கத்தக்க வரம்புக்குள்ளேயே இருப்பதால் சுற்றுப் பழுதுக் குறியீடு தோன்றாது. சூடான இயந்திரத்தைக் குளிர்ந்ததாகக் கருதும் கட்டுப்பாட்டகம் தேவைக்கு மேல் எரிபொருளைத் தெளிக்கும். காலையில் பணிமனையில் சோதிக்கும்போது குறை தெரியாமல், ஓட்டிச் சூடேறிய பின்னர் மட்டும் குறை தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

## தன்னறி அமைப்பும் பழுதுக் குறியீடுகளும்

வாகனம் தன் குறைகளைத் தானே கண்டறிந்து பதியும் அமைப்பு ஓபிடி எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1988 மாதிரி ஆண்டு முதல் இத்தகைய அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. செந்தரப்படுத்தப்பட்ட இரண்டாம் தலைமுறை அமைப்பு 1996 மாதிரி ஆண்டு முதல் அந்நாட்டின் இலகுரக வாகனங்கள் அனைத்துக்கும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் தானுந்துகளுக்கு 2001 முதலும், டீசல் தானுந்துகளுக்கு 2004 முதலும் இது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் பாரத் நிலை 4 விதிகளின்படி 2010 ஏப்ரலில் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் தொடங்கின.

இயந்திரம், பல்லிணைப்பெட்டி ஆகியவற்றுக்கான குறியீடுகள் ‘பி’ எழுத்துடன் தொடங்குகின்றன. ஒரே உணரிக்குப் பல குறியீடுகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, கிராங்க் தண்டு நிலை உணரிக்கு உரியவை பின்வருமாறு:

* பி0335 – உணரிச் சுற்றில் பழுது
* பி0336 – குறிகை வரம்பு அல்லது செயற்பாட்டுக் குறை
* பி0337 – குறிகை மிகத் தாழ்வு
* பி0338 – குறிகை மிக உயர்வு
* பி0339 – சுற்று விட்டுவிட்டு இயங்குதல்

இதே போல் பி0104 காற்றோட்ட உணரிக்கும், பி0114 உள்ளிழு காற்று வெப்பநிலை உணரிக்கும், பி0119 குளிர்நீர் வெப்பநிலை உணரிக்கும், பி0124 திராட்டில் நிலை உணரிக்கும், பி0344 கேம் தண்டு நிலை உணரிக்கும் விட்டுவிட்டுத் தோன்றும் பழுதைக் குறிக்கின்றன. இக்குறியீடுகள் எச்சுற்றில் குறை நேர்ந்தது என்பதையே கூறுகின்றன. உணரியை மாற்ற வேண்டும் என்று அவை கூறுவதில்லை.

பெரும்பாலான குறைகள் முதல் ஓட்டத்தில் நிலுவைக் குறியீடாகவும், அடுத்த ஓட்டத்திலும் தொடர்ந்தால் உறுதியான குறியீடாகவும் பதியப்படும். உறுதியான பின்னரே எச்சரிக்கை விளக்கு எரியும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தோன்றாவிடில் விளக்கு அணைந்துவிடும். பின்னர் பொதுவாக 40 சூடேற்றச் சுழற்சிகளில் குறை மீளாவிடில் குறியீடும் அழியும். ஆகவே விளக்கு அணைந்திருப்பது பழுது நீங்கியதற்குச் சான்றாகாது. நிலுவைக் குறியீடுகளையும் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது.

குறியீடு பதியும் கணத்தில் இருந்த இயந்திர வேகம், குளிர்நீர் வெப்பநிலை, வாகன வேகம், சுமை முதலியன உறைநிலைப் பதிவாகச் சேமிக்கப்படுகின்றன. விட்டுவிட்டுத் தோன்றும் பழுதைத் தேடுவோருக்கு இதுவே முதன்மையான தடயம் ஆகும். குறியீட்டை அழிக்கும்போது இப்பதிவும் அழிந்துவிடும் என்பது குறிப்பிடத்தக்கது.

## காரணங்கள்

* உராய்வு அரிப்பு: பணிமனை வழக்கில் கப்ளர் எனப்படும் இணைப்பானின் முனைகள் பெரும்பாலும் வெள்ளீயப் பூச்சுக் கொண்டவை. இயந்திர அதிர்வினால் முனைகள் கண்ணுக்குப் புலனாகாத அளவில் ஒன்றன்மீது ஒன்று அசையும்போது பூச்சு தேய்ந்து, ஆக்சைடுத் துகள்கள் தொடுபரப்பில் சேர்கின்றன. இதனால் தொடுமின்தடை ஏறியும் இறங்கியும் மாறும்.
* முனைகளின் தளர்ச்சி: பெண்முனை விரிந்துவிட்டால் ஆண்முனையைப் போதிய விசையுடன் பற்றாது. முந்தைய சோதனையின்போது தடித்த அளவிக்கோலை முனைக்குள் செருகியதாலும் இது ஏற்படலாம்.
* கம்பி இழைகள் முறிதல்: கதவு, தொங்கமைப்பு, சக்கரம் போன்ற அசையும் பகுதிகளுக்குச் செல்லும் கம்பிகள் அடிக்கடி வளைவதால், வெளியுறை சிதையாமலேயே உள்ளிருக்கும் செப்பிழைகள் முறிகின்றன.
* உராய்ந்து உறை தேய்தல்: கம்பித் தொகுதி கூரிய விளிம்பிலோ பிடிப்பானிலோ உரசும்போது உறை தேய்ந்து, குலுங்கும்போது மட்டும் உடற்கூட்டைத் தொடும்.
* நீரும் எண்ணெயும்: நீர்க்காப்பு வளையம் கெட்ட இணைப்பானுக்குள் நீர் புகுந்து செம்பில் பச்சை நிற அரிப்பை உண்டாக்கும். நுண்துளை ஏற்றத்தால் நீரும் எண்ணெயும் கம்பியுறையின் உள்ளே நெடுந்தொலைவு ஊர்ந்து கட்டுப்பாட்டகத்தின் இணைப்பானை அடைவதும் உண்டு.
* எர்த் இணைப்பின் குறை: வண்ணப்பூச்சு, துரு, தளர்ந்த திருகாணி ஆகியவற்றால் எர்த் இணைப்பின் மின்தடை உயரும்.
* எலி முதலிய உயிரினங்கள்: நீண்ட நேரம் நிறுத்தி வைக்கப்படும் வாகனங்களில் எலிகள் கம்பியுறையைக் கடித்துவிடுகின்றன.
* உணரியின் உட்குறை: கம்பிச்சுருளில் வெப்பத்தால் பிரியும் முறிவு, பற்றாசு இணைப்பில் விரிசல் முதலியன.
* மின்காந்த இடையூறு: தீப்பொறிக் கம்பிச்சுருள், மின்னாக்கி ஆகியவற்றுக்கு அருகில் செல்லும் உணரிக் கம்பியின் காப்புப் பின்னல் அறுந்திருந்தால் பொய்த் துடிப்புகள் சேரும்.

## கண்டறியும் முறை

### ஓட்டுநரிடம் கேட்டறிதல்

பழுது எப்போது தோன்றுகிறது என்பதை ஓட்டுநரே நன்கு அறிவார். இயந்திரம் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, பள்ளத்தில் இறங்கியபோதா, திருப்பத்திலா, நின்ற வாகனம் எத்தனை நிமிடங்களுக்குப் பின் இயங்கியது, அண்மையில் வேறு வேலை ஏதேனும் செய்யப்பட்டதா என்ற வினாக்களுக்கான விடைகள் தேடும் பரப்பைப் பெரிதும் குறைக்கும். சூடேறிய பின் நின்று, ஆறிய பின் இயங்கினால் வெப்பத்தால் ஏற்படும் முறிவையும், குலுக்கத்தில் மட்டும் தோன்றினால் தளர்ந்த இணைப்பையும், மழைக்குப் பின் தோன்றினால் நீர் புகுந்த இணைப்பானையும் முதலில் ஐயுறலாம்.

### பதிவுகளைக் குறித்துக்கொள்ளல்

ஸ்கேனர் கொண்டு உறுதியான குறியீடுகள், நிலுவைக் குறியீடுகள், உறைநிலைப் பதிவு ஆகிய அனைத்தையும் எழுதிக்கொண்ட பின்னரே குறியீடுகளை அழிக்கலாம். பிற கட்டுப்பாட்டகங்களில் பதிந்துள்ளவற்றையும் பார்த்தல் நன்று.

### எதையும் பிரிக்காமல் நோக்குதல்

இணைப்பானைக் கழற்றி மாட்டும்போது முனைகள் ஒன்றையொன்று உரசித் துடைத்துக்கொள்கின்றன. உராய்வு அரிப்பால் ஏற்பட்ட பழுது அச்செயலினாலேயே தற்காலிகமாக மறைந்துவிடும். புதிய உணரி மாட்டியவுடன் வாகனம் சரியாக இயங்கி, சில வாரங்களில் அதே குறை திரும்புவதற்கு இது முக்கியமான காரணம் ஆகும். பழைய உணரி நல்ல நிலையில் இருந்திருக்கலாம். இணைப்பானைக் கழற்றியதே குறையை மறைத்திருக்கும். எனவே பழுதைத் தோற்றுவித்துப் பார்க்கும் வரை இணைப்பான்களைப் பிரிக்காமல், கம்பி செல்லும் வழி, உரசும் இடங்கள், எண்ணெய்க் கசிவு, பழைய பழுதுபார்ப்பின் அடையாளங்கள் ஆகியவற்றைக் கண்ணால் நோக்குதல் வேண்டும்.

### பழுதை மீளத் தோற்றுவித்தல்

இம்முறையின் மையம் இதுவே. பழுது தோன்றும் சூழலைப் பணிமனையில் உருவாக்கி, குறிகையைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

1. அசைத்துப் பார்த்தல்: இயந்திரம் இயங்கும்போது, ஸ்கேனரில் உணரியின் மதிப்பை வரைபடமாகக் காட்டச் செய்து, கம்பித் தொகுதியைச் சிறு சிறு பகுதிகளாக அசைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓரிடத்தை மட்டும் அசைத்தால்தான் இடத்தைக் குறிப்பாக அறியலாம்.
2. வெப்பமூட்டல்: வெப்பக்காற்றுக் கருவியால் உணரியையோ இணைப்பானையோ அதன் இயல்பான பணி வெப்பநிலை வரை சூடாக்குதல். நெகிழிப் பகுதிகள் உருகும் அளவுக்குச் சூடாக்கலாகாது.
3. குளிரூட்டல்: பழுது தோன்றிய பின், குளிரூட்டும் தெளிப்பானை ஒவ்வொரு பகுதியாகத் தெளித்தல். எப்பகுதி குளிர்ந்ததும் குறிகை மீள்கிறதோ அப்பகுதியே ஐயத்துக்குரியது.
4. நீர் தெளித்தல்: மழையில் தோன்றும் பழுதுகளுக்கு, கம்பித் தொகுதியின்மீது மென்மையாக நீர் தெளித்துப் பார்த்தல். இது உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சலாக இருத்தல் கூடாது.
5. சாலை ஓட்டம்: பதிவு செய்யும் கருவியை இணைத்து ஓட்டிப் பார்த்தல். கருவியைக் கவனிக்க இரண்டாமவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

### அளத்தல்

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்கேனர் காட்டும் மதிப்புகள் பொதுவாக நொடிக்குச் சில முறை மட்டுமே புதுப்பிக்கப்படுகின்றன. 60 பல் இடங்கள் கொண்ட சக்கரத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் ஒரு பல் கடக்கும் நேரம் ஏறத்தாழ 0.33 மில்லிநொடி ஆகும். ஒன்றிரண்டு துடிப்புகள் தவறுவது ஸ்கேனரில் தெரியாது. மல்டிமீட்டரின் சிறும-பெருமப் பதிவு வசதி, மெதுவாக மாறும் குறிகைகளில் ஏற்படும் குறுகிய வீழ்ச்சிகளைப் பிடிக்க உதவும். மிகக் குறுகிய தவறுகளைக் காண அலைவுகாட்டி தேவை.

மின்தொடர்ச்சிச் சோதனையை மட்டும் நம்புவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு செப்பிழை, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓர் ஓமின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான மின்தடையையே தரும். எனவே பதினைந்து இழைகள் முறிந்து ஒன்று மட்டும் எஞ்சியிருக்கும் கம்பியையும் மல்டிமீட்டர் நல்ல கம்பியாகவே காட்டும். இத்தகைய முறிவைக் கம்பியை வளைத்தும் மெல்ல இழுத்தும் பார்த்தே அறிய முடியும். உள்ளே செம்பு முறிந்த இடத்தில் உறை மட்டும் நீளும்.

அரிப்புற்ற இணைப்பைக் கண்டறியச் சுமைச் சோதனை பயன்படும். கம்பியின் இரு முனைகளையும் கட்டுப்பாட்டகத்திலிருந்தும் உணரியிலிருந்தும் பிரித்த பின்னர், அதன் வழியாக 12 வோல்ட்டு, 5 வாட்டு விளக்கு ஒன்றை எரித்துப் பார்க்கலாம். விளக்கு மங்கினால் இணைப்பில் மின்தடை உள்ளது. கட்டுப்பாட்டகம் இணைந்திருக்கும்போது இச்சோதனையைச் செய்தால் அதன் உட்சுற்று கெட்டுவிடும்.

எர்த் இணைப்பைச் சோதிக்க, இயந்திரம் இயங்கும்போது உணரியின் எர்த் முனைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இது பொதுவாக 0.1 வோல்ட்டுக்குக் குறைவாக இருக்கும். முகப்பு விளக்குகளையும் காற்றுவிசிறியையும் இயக்கும்போது அது உயருமானால் எர்த் இணைப்பில் குறை உள்ளது.

## எடுத்துக்காட்டு: கிராங்க் தண்டு நிலை உணரி

கிராங்க் தண்டு நிலை உணரியின் குறிகை இல்லாமல் பல இயந்திரங்கள் இயங்கவே மாட்டா. பரவலாகப் பயன்படும் அமைப்பு ஒன்றில் 60 பல் இடங்களில் 58 பற்கள் அமைக்கப்பட்டு, இரு பற்களுக்கான இடம் வெற்றாக விடப்படுகிறது. இவ்வெற்றிடத்தைக் கொண்டே கட்டுப்பாட்டகம் தண்டின் நிலையை அறிகிறது. இடையில் துடிப்பு ஒன்று தவறினாலும் கணக்கு பிறழ்ந்து எரிதவறல் ஏற்படலாம். துடிப்புகள் தொடர்ந்து நின்றால் எரிபொருளும் தீப்பொறியும் நிறுத்தப்படும்.

கம்பிச்சுருள் வகை உணரியில் நுண்ணிய கம்பி சூட்டில் விரிவடைந்து முறிவிடத்தில் பிரிந்து, ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்வதுண்டு. ஓடிய வாகனம் திடீரென நின்று, சிறிது நேரம் ஆறிய பின் இயல்பாகப் புறப்படுவது இதன் அறிகுறி. இயந்திரத்தைத் தொடக்கும்போது சுற்றுவேகமானியின் முள் சிறிதும் அசையாதிருத்தல் பல வாகனங்களில் பயனுள்ள தடயம் ஆகும்.

மின்தடை உயர்வு அனைத்தும் பழுதாகாது. செம்பின் மின்தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 20 பாகையில் 900 ஓம் உள்ள சுருள், 100 பாகையில் ஏறத்தாழ 1,180 ஓம் காட்டுவது இயல்பே. சூடாக்கும்போது மதிப்பு சீராக ஏறாமல் திடீரெனத் தாவினாலோ முடிவிலிக்குச் சென்றாலோ மட்டுமே சுருளில் முறிவு எனக் கொள்ளலாம். ஹால் வகை உணரிகளை மின்தடை அளந்து சோதிக்க இயலாது. அவற்றின் மின்வழங்கல், எர்த், துடிப்பு ஆகியவற்றை இயங்கும் நிலையில் பார்த்தல் வேண்டும்.

அலைவுகாட்டியில் தோன்றும் வடிவம் பழுதின் இடத்தைப் பிரித்தறிய உதவும். உணரியின் அருகில் ஒரு வழியையும், கட்டுப்பாட்டகத்தின் அருகில் மற்றொரு வழியையும் இணைத்து ஒரே நேரத்தில் நோக்கலாம். இரண்டிலும் துடிப்பு மறைந்தால் உணரி, அதன் வழங்கல் அல்லது பற்சக்கரம் காரணம். உணரியின் பக்கம் துடிப்பு நன்றாக இருந்து கட்டுப்பாட்டகத்தின் பக்கம் மட்டும் மறைந்தால் இடையிலுள்ள கம்பி அல்லது இணைப்பான் காரணம். இரு பக்கமும் துடிப்பு நன்றாக இருந்தும் குறியீடு பதிவானால் கட்டுப்பாட்டகத்தின் உள்ளிணைப்பை ஐயுறலாம்.

## முடுக்கி மிதி உணரியும் நாசா ஆய்வும்

முடுக்கி மிதி நிலை உணரிகளில் பாதுகாப்புக் கருதி இரு தனித்தனிக் குறிகைகள் அமைக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் கட்டுப்பாட்டகம் இயந்திரத் திறனைக் குறைத்துக் காப்பு ஓட்டநிலைக்குச் செல்லும்.

டொயோட்டா தானுந்துகள் தாமாகவே வேகமெடுப்பதாக எழுந்த முறையீடுகளை அடுத்து, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2010 ஆம் ஆண்டில் நாசாவின் உதவியை நாடியது. 2011 பெப்ரவரியில் முடிவுகள் வெளியிடப்பட்டன. ஆபத்தான அளவு பெரிய திராட்டில் திறப்பை உண்டாக்கக்கூடிய மின்னணுக் குறை எதனையும் நாசா கண்டறியவில்லை. ஆயினும், பழுதடைந்த மின்னழுத்தப் பகுப்பான் வகை மிதி உணரி ஒன்றில், இரு குறிகை முனைகளுக்கிடையே வெள்ளீயப் பூச்சிலிருந்து வளர்ந்த மயிரிழை ஒன்று மின்தடையுள்ள குறுக்குச்சுற்றை ஏற்படுத்தியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். வெள்ளீய மயிரிழைகள் கண்ணுக்கு எளிதில் புலப்படாதவை. அதிர்வில் முறிந்தோ, மிகுந்த மின்னோட்டத்தில் உருகியோ மறைந்துவிடக்கூடியவை. சான்று எத்துணை எளிதில் அழியக்கூடியது என்பதற்கும், பழுதடைந்த பகுதியைப் பாதுகாத்து ஆராய வேண்டியதன் தேவைக்கும் இந்நிகழ்வு எடுத்துக்காட்டாக உள்ளது.

## பொதுவான தவறுகள்

* குறியீட்டில் பெயர் உள்ளதால் உணரியை உடனே மாற்றுதல்.
* உறைநிலைப் பதிவைப் படிக்காமல் குறியீட்டை அழித்தல்.
* ஒரே நேரத்தில் பல பகுதிகளை மாற்றுதல். இதனால் எதனால் பழுது நீங்கியது என்பது தெரியாமல் போகும்.
* கம்பியுறையை ஊசியால் குத்தி அளந்து, துளையை மூடாமல் விடுதல். அவ்வழியே நீர் புகுந்து பின்னாளில் புதிய பழுது தோன்றும்.
* மின்கல முனைகளையும் மின்னாக்கியின் மின்னழுத்தத்தையும் முதலில் பார்க்காமல் விடுதல்.

## சரிசெய்தலும் உறுதிப்படுத்தலும்

தளர்ந்த முனைகளைக் கண்டறிய, அதே அளவுள்ள புதிய ஆண்முனை ஒன்றைப் பெண்முனையில் செருகி இழுத்துப் பார்க்கலாம். பிடிப்பின்றி வழுக்கினால் பெண்முனையை மாற்ற வேண்டும். முறிந்த கம்பியை, உரிய கருவியால் நெரித்து இணைத்து, பசையுள்ள வெப்பச்சுருக்க உறையால் மூடுதல் நன்று. வெறும் முறுக்கலும் ஒட்டுநாடாவும் நிலையான தீர்வாகா. அதிர்வு மிகுந்த இடங்களில் பற்றாசு இட்ட கம்பி, பற்றாசு முடியும் விளிம்பில் விறைத்து மீண்டும் முறியக்கூடும். கம்பி உரசிய இடத்தில் அதன் வழியையும் மாற்றிக் கட்டாவிடில் அதே பழுது மீளும்.

பழுது எச்சூழலில் தோன்றியதோ அதே சூழலை மீண்டும் உருவாக்கி, இம்முறை தோன்றவில்லை என்பதைக் காண்பதே உறுதிப்படுத்தல் ஆகும். சூட்டில் தோன்றிய பழுதைக் குளிர்ந்த இயந்திரத்தில் சோதித்து முடிவு கூற இயலாது. பழுதை ஒருமுறையேனும் தோற்றுவிக்க முடியாத நிலையில், பகுதிகளை மாற்றாமல், பதிவுக் கருவியை இணைத்து வாகனத்தைத் திருப்பியளித்து, மறுமுறை தோன்றும்போது கிடைக்கும் பதிவைக் கொண்டு தொடர்வதே முறையான வழியாகும்.

## பாதுகாப்பு

* காற்றுப்பைச் சுற்றுகளை மல்டிமீட்டராலோ சோதனை விளக்காலோ சோதித்தல் கூடாது. சோதனை மின்னோட்டம் காற்றுப்பையை வெடிக்கச் செய்யலாம். இச்சுற்றுகளின் இணைப்பான்கள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும்.
* இயங்கும் இயந்திரத்தில் கம்பிகளை அசைக்கும்போது விசிறி, பட்டை, சூடான வெளியேற்றக் குழாய் ஆகியவற்றிலிருந்து கையை விலக்கி வைக்க வேண்டும்.
* கலப்பு மின் வாகனங்களிலும் மின் வாகனங்களிலும் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. உரிய பயிற்சி பெற்றவர் மட்டுமே அவற்றைக் கையாளலாம்.
* ஓடும்போது நின்றுவிடும் வாகனத்தை, காரணம் கண்டறியப்படும் வரை நெடுஞ்சாலையில் ஓட்டுவதைத் தவிர்த்தல் நன்று.

## இவற்றையும் பார்க்கவும்

* உணரி
* ஓமின் விதி
* வெப்பத்தடையம்
* ஹால் விளைவு
* அலைவுகாட்டி
* எரிபொருள் தெளிப்பு